இறுக்கமான மூடி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் படகுச் சாமான் கடைக்கு வந்தவர் டெக் பிளேட் வேண்டும் என்றார். என்ன அளவு என்றால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். படகின் தளத்தில் கைவிட்டுப் பார்க்க வெட்டியிருக்கும் துளைக்கு அது ஒரு மூடி, அவ்வளவுதான். ஆனால் துளையை அளக்காமல் பழைய மூடியின் விளிம்பை அளந்து வருகிறவர்கள்தான் பாதிப் பேர். இந்த மனிதர் அதையும் அளக்கவில்லை. ஆள் நடக்கிற இடமா, வெயில் படுமா என்று கேட்டேன். "படகுன்னா வெயில் படத்தானேம்மா செய்யும்" என்றார். நியாயம்தான். எடுத்த வெள்ளை பிளாஸ்டிக்கைத் திரும்ப உள்ளே வைத்தேன். நாலு கோடை பார்த்தால் அது முட்டை ஓடு. மிதித்தவர் கால் முழங்கால்வரை உள்ளே போகும். சொரசொரப்பாக, கனமாக இருப்பதைக் காட்டி, முதலில் போய்த் துளையை அளந்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் இன்று வரத் தாமதம். அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும்போது நடு ஆற்றில் இன்ஜின் நின்றுவிட்டதாம். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் படகில். மிதந்துகொண்டே இருந்து, வடிகட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர்.

"டீசல்ல தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். எங்கள் படகுக்கு டீசல் போடுவது துறையில் பம்பு வைத்திருக்கும் என் அண்ணன். அண்ணன் பேரை அவர் எடுக்கவில்லை. எடுக்காததுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

இன்றும் இன்ஜின் நின்றது. பாலத்துத் தூண் பக்கம்.

மார்ச் 7, வெள்ளி

படகுத்துறையில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைக் கேட்டுவிட்டார். "தண்ணி வித்துப் பிழைக்கணும்னா குடம் வாங்கிக்கங்க மச்சான்" என்றாராம். அண்ணன் பம்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டானாம்.

எனக்கு இதைச் சொன்னது ரேடியோ. துறையில் சின்னப் படகு வைத்திருக்கிறவன். ஒரு விஷயம் நடந்து முடிவதற்குள் அடுத்த தெருவில் ஒலிபரப்பாகியிருக்கும், அதனால் அந்தப் பேர். ஹோஸ் கிளிப் ஒன்று வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான். என் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். நான் கிளிப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கடை முழுக்க மூடிதான். ஊர் வாயை மூட மட்டும் ஒன்றும் கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தாள், "வா" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் எனக்காகத் துறைக்கு வந்து பம்பைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்துக் கொடுத்தான்.

"ராத்திரி முழுக்க அசைக்காம வை. தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும். காலையில பாத்துட்டு நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்து அவன் அளவில் ஒரு சொட்டுக் குறைத்தவனில்லை. ஆனால் தங்கை சொன்னால் யார் நம்புவார்கள்?

மார்ச் 10, திங்கள்

பாட்டிலில் கோடே இல்லை. தேன் மாதிரித் தெளிவாக நிற்கிறது. இவரிடம் காட்டினேன்.

"தங்கச்சிக்கு நல்ல டீசல்தான் புடிச்சுக் கொடுப்பாரு. சமையல்கட்டுல கொண்டுவந்து வச்சிருக்க, சாம்பாரா அது?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடுகிறது.

மார்ச் 12, புதன்

இப்போது தூரத்து பங்க்கில் டீசல் போடுகிறார். இன்றும் இன்ஜின் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லவே கூசுகிறது. இனிமேலாவது புரியுமே என்று பார்த்தால், "அடியில கெடக்கிறது உங்க அண்ணன் ஊத்தினதுதான்" என்கிறார். சனிக்கிழமை டேங்கை ஒட்டக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்பப் போகிறாராம்.

மார்ச் 13, வியாழன்

இன்று கடையில் ஒன்று நடந்தது. ஒருவர் டீசல் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, "கழட்டறதுக்குள்ள கை போயிடுச்சும்மா, அவ்வளவு இறுக்கம், இதைத் திருகுற சாவி பெரிசா இருக்கா?" என்றார். எங்கள் கடையில் வாங்கியது அல்ல. பளபளவென்று முகம் தெரிகிற மூடி. போன வருஷக் கடைசியில் இவர் வெளியூரில் வாங்கிவந்து நம் படகில் போட்டதும் இதே மூடிதான்.

அதற்கும் காரணம் இருந்தது. பழைய மூடி டெக்குக்கு மேலே எழும்பி நின்றது. ஏறுகிறவர்கள் எல்லாம் தடுக்கினார்கள். ஒரு பெரியவர் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். அதனால் டெக்கோடு டெக்காகப் படிகிறதை வாங்கி, ஆள் நடக்காத ஓரமாகப் பார்த்து வைத்தார். "எவ்ளோ இறுக்கம் பாரு, ஒரு சொட்டு எறங்காது" என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார்.

வந்தவருடைய மூடியைத் திருப்பி ரப்பர் வளையத்தை எடுத்தேன். உப்பிப்போயிருந்தது. டீசல் பட்டால் ஊதுகிற சாதா ரப்பர். ஊதிய வளையம் பள்ளத்துக்குள் உட்காராமல் பிதுங்கும். அதன்மேல் சாவி போட்டு முறுக்கினால் விளிம்பு அதை நறுக்கும். மேலே பார்த்தால் முழுசு. அடியில் வெட்டு. மூடி இறுகுவது வளையம் கெட்டுப்போனதால். அதை நாம் நன்றாக அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மழையே இல்லையே, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மத்தியானம் பூராவும் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. இவர் தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்து டெக்கைக் கழுவுகிறார். அந்த ஓரம்தான் பள்ளம். கழுவின தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

ஊரிலேயே சுத்தமான படகு நம்முடையது.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று டேங்கைக் கழுவி, புது டீசல் நிரப்பியாகிவிட்டது. இன்று இவர் முடிவெட்டப் போன நேரம் படகுக்குப் போனேன். மூடி அசையவில்லை. சாவியில் இரண்டு கையையும் போட்டு, காலையும் ஊன்றித் திருகினேன். வளையத்தை எடுத்தால் அதே உப்பல், அதே வெட்டு. விரலில் தண்ணீர் ஒட்டியது.

டீசலைத் தாங்குகிற வளையம் கடையிலிருந்து கொண்டுபோயிருந்தேன். மாற்றினேன். பள்ளத்தைத் துடைத்து, திருகுப் புரியில் ஒட்டியிருந்த மணலை எடுத்து, கையால் திருகிச் சாவியால் ஒரு சின்ன அழுத்தம், போதும். மேலே தண்ணீர் ஊற்றி, திறந்து பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது.

இவரிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்ல? அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் இவருக்கு எடுத்துக் கொடுத்த சட்டையைக்கூட நேற்று படகில் வேலை செய்பவருக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவு கோபம். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம். முதலில் நாளைக்கு அந்தப் பிள்ளைகள் நடு ஆற்றில் நிற்காமல் இருக்கட்டும். அது தப்பா?

மார்ச் 21, வெள்ளி

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

இன்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இன்றைக்கு இவர் சிரித்த முகமாக வந்தார். "பாத்தியா? டேங்கைக் கழுவி, உங்க அண்ணன் சகவாசத்தை விட்டேன். இப்ப என்ன சொல்ற?" துறையிலும் அதையே சொல்லியிருக்கிறார். ரேடியோ அதை அக்கரைக்கும் கொண்டுபோய்விட்டான். அண்ணனிடம் டீசல் போட்டுக்கொண்டிருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தூரத்து பங்க்குக்குப் போகின்றன.

நான் கை வைக்காமல் இருந்திருந்தால்? கழுவிய டேங்கில், தூரத்து பங்க் டீசலில், மறுபடியும் தண்ணீர் வந்திருக்கும். அவரே கண்ணால் பார்த்திருப்பார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. அண்ணனைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சாட்சியை நானே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சொல்ல வாயெடுத்தேன். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாள் கழித்து!

மார்ச் 25, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. கோழை.

மார்ச் 28, வெள்ளி

கடைக்கு அண்ணி வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. பம்பு வைத்திருக்கிற இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகத் துறைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். வருகிற படகே இல்லாமல் இடத்தை எதற்கு அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார்களாம்.

"உங்க அண்ணன் ஒரு வாரமா வெளிய போகல. ஷேவ் பண்ணல. கலப்படக்காரன் மூஞ்சியை எவன் பாப்பான்னு கேக்கறாரு. நீ உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஒரு வார்த்தை. வளையம் கிடந்த பை என் காலடியில்தான் இருந்தது. எடுத்து அண்ணியிடம் காட்டியிருக்கலாம். "சொல்றேன் அண்ணி" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வளையத்தை மேஜைமேல் வைத்தேன். நம் மூடியில் இருந்தது இது, பதினாறாம் தேதி நான்தான் மாற்றினேன் என்றேன். திருப்பிப் பார்த்தார். வெட்டின் மேல் நகத்தை ஓட்டினார்.

"அன்னையிலருந்து நான் ஊரெல்லாம் பேசிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்த."

"நீங்க கோபமா இருந்தீங்க..."

"இல்ல இல்ல, இதெல்லாம் உங்க அண்ணனுக்காக நீ ஜோடிக்கிறது. எந்தப் படகு வளையமோ."

அதையும் சொன்னாரே என்று அழுகை வந்தது. ஆனால் வளையத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

"அப்பாவுக்குச் சாப்பாடு வேணுமான்னு கேளு" என்று மகளைத் தூது அனுப்பினேன். "அம்மாகிட்ட வேணும்னு சொல்லு" என்று பதில் வந்தது. "ரெண்டு பேரும் என்னை ரேடியோ ஆக்காதீங்க" என்கிறாள் அவள்.

ஏப்ரல் 5, சனி

மத்தியானமே வந்துவிட்டார். சட்டையெல்லாம் ஈரம். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே சொன்னார்.

மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். இன்று ஆள் ஏற்றவில்லை. படகைக் கரையில் கட்டிப்போட்டு, பழைய வளையத்தைத் திரும்ப மாட்டி, எப்போதும் போலச் சாவியால் முறுக்கி, எப்போதும் போல டெக்கைக் கழுவினாராம். பிறகு இன்ஜின்காரரை வரவழைத்து டேங்கின் அடியிலிருந்து பாட்டிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"விரல் கனத்துக்குத் தண்ணி. இன்ஜின்காரர் சிரிக்கிறாரு. இத்தனை நாளா தெனமும் என் கையாலயே ஊத்தியிருக்கேன்."

எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

துண்டால் துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழமை காலையில மச்சான்கிட்டதான் டீசல் போடணும். நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு?"

"தனியா போக வெக்கமா இருக்கு."

ஏப்ரல் 7, திங்கள்

டேங்கை வடித்து, நல்ல வளையத்தைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனோம். எல்லாப் படகும் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனார். நேற்றே அண்ணியிடம் நான் வளையம் மாற்றியதுமுதல் எல்லாவற்றையும் சொல்லி, அண்ணனைப் பம்புக்கு வரச்சொல்லியிருந்தேன். வந்திருந்தான். தாடி நரைத்திருந்தது, இத்தனை நாள் எனக்கு அது தெரியவில்லை.

இவர் டெக்மேல் நின்றபடியே சொன்னார். "தண்ணி என் மூடி வழியா எறங்கியிருக்கு. மச்சான் டீசல்ல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்." ரேடியோவைப் பார்த்து, "அதைச் சொன்ன மாதிரியே இதையும் எல்லாருக்கும் சொல்லு" என்றார். "இதையெல்லாம் யாருண்ணே கேப்பாங்க" என்றான் அவன். சொல்வான். இரண்டு படகு உடனே எங்கள் பின்னால் வந்து நின்றது. இடத்தைப் பற்றித் துறைக்காரர்களிடம் தானே போய்ப் பேசுவதாக இவர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் குழாயை எடுத்து டீசல் ஊற்றும் வாயில் விட்டு டேங்கை நிரப்பினான். நிரம்பியதும் இவர் தோளைத் தட்டி, "விடுங்க மாப்பிள்ளை, கடல் ஆறுன்னு இருந்தா இதெல்லாம் வர்றதுதான்" என்றான். இவர் கண் கலங்கிவிட்டது. பார்த்து எனக்கும்.

பிறகு அவன் பக்கத்தில் போய், "அண்ணா" என்றேன். குழாயைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகத்தான் சொன்னான்.

"அவரு தெரியாம பேசினாரு. நீ தெரிஞ்சு சும்மா இருந்த."

அடுத்த படகுக்குப் போய்விட்டான்.

திரும்பும்போது இவர், "நான் பேசுறேன் அவர்கிட்ட" என்றார். வேண்டாம் என்றேன். அதை நான்தான் பேச வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.