ஜன்னலோர நாற்காலி

என் வீட்டுக்காரிக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மாதமாகிறது. அந்த ஊர் அரசு மருத்துவமனையில் உனக்கு டயாலிசிஸ் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது காலி வீடு. உன் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை. திட்டாதே.

இங்கே நம்மூர் ஆஸ்பத்திரியில் ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்களில் இரண்டு இன்னும் துணி போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. "நிதி வரணும்ணே" என்று சொல்லிச் சொல்லி நர்ஸம்மாவுக்கே வாய் வலிக்கிறது. யாராவது போனால்தான் இடம் என்று தெரிந்தும், செவ்வாய்தோறும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிப் பழக்கமானவர்தான், நான் எழுதினேனே, ஜன்னலோர நாற்காலியில் டயாலிசிஸுக்கு உட்காருகிற தையல்காரர். ஊசி குத்த வசதியாக, ஒரு கை முழுக்கத் திறக்கிற மாதிரி பட்டன் வைத்து உனக்குச் சட்டை தைக்கிறேன் என்றார். அளவு கேட்டார். நான் இரண்டு கையாலும் காற்றில் காட்டினேன். "இது தங்கச்சியா, கதவா?" என்று சிரித்தார்.

இந்தச் செவ்வாய், நான் கேட்பதற்கு முன்பே நர்ஸம்மா வந்து, "வீட்ல வரச் சொல்லுங்கண்ணே" என்றாள். பதினான்கு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சட்டையைத் தையல்காரரின் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டன் மட்டும் பாக்கி. நானே கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இறங்கியதும் முதலில் அவரைத்தான் விசாரிப்பாய். விசாரிக்காதே. உனக்கு ஒதுக்கியிருப்பது அந்த ஜன்னலோர நாற்காலிதான்.

உன்
வீட்டுக்காரன்