கைக்குப் பொருந்திய துப்பாக்கி

பில்சன் நகரம்

அன்புள்ள அப்பா, முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

சனிக்கிழமை சுடுதளத்தில், உங்களுடையதைப் போன்ற பெரிய துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்தேன். துப்பாக்கி கைக்குப் பொருந்துமா என்று அறிய, கண்ணை மூடிக் கையை நீட்டி, கண்ணைத் திறந்ததும் குறி நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆலையில் வாரமெல்லாம் பெட்டி அடுக்கிய களைப்பில் கண் திறக்கவே இல்லை.

"ஏம்மா, சுட வந்தியா, தூங்க வந்தியா?" என்றார் பயிற்சியாளர் போஹுமிர். எல்லோரும் சிரித்தோம். துப்பாக்கி தரையைப் பார்த்திருந்தது.

"கை கெஞ்சுது பாரு. இந்தச் சின்னதைப் புடி" என்று வேறொன்றைக் கொடுத்தார்.

அது நேராக நின்றது, அதையே தேர்ந்தெடுத்தேன். நீங்கள் ஆசைப்பட்டபடி கோடைப் போட்டியில் உங்கள் துப்பாக்கியால் சுட என்னால் முடியாது. கோபிக்காதீர்கள்.

வலிக்கும் மணிக்கட்டில் தேய்க்க நம் வீட்டுப் பிளம் சாராயம் கொஞ்சம் அனுப்புங்கள். அம்மா கேட்டால், குடிக்கத்தான் என்று சொல்லிவிடுங்கள்; கை வலி என்றால் கவலைப்படுவார்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் ஸ்மில்யா