உன் அம்மா ஹெலிகாப்டர் ஆன கதை

என் தங்க மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், தையல் மெஷினும் சுகம், உன் அம்மாவுக்கு மட்டும் லேசான தலைச்சுற்றல், பயப்படாதே, நோய் இல்லை, காரணம் சொல்கிறேன். அங்கே குளிர் குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் எதிர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் கவுன் ஓரம் மடிக்கக் கடைக்கு வந்தார். உன் அம்மா சும்மா இருப்பாளா, எங்க பொண்ணு கை வைக்காம ஒரு ஹெலிகாப்டரும் பறக்காது என்று அளந்துவிட்டாள். அப்போ சார் வந்து பிள்ளைங்களுக்கு ஒண்ணு செஞ்சு காட்டட்டுமே என்று டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஹெலிகாப்டரின் அடிவயிற்றைத் தவிர வேறெதையும் பார்த்தவனில்லை, ஆனாலும் உன் மானம் போகக் கூடாதே என்று தலையாட்டிவிட்டேன்.

சொன்னபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன், உன் அம்மாவும் குடையும் கையுமாகக் கூடவே வந்தாள். அட்டையில் உடம்பு, ஐஸ் குச்சியில் இறக்கை, முறுக்கிவிட ரப்பர் பேண்ட். பிள்ளைகளும் என்னைப் பார்த்து ஆளுக்கொன்று செய்தார்கள். கையை விட்டதும் இறக்கை ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் சுற்ற, எல்லாம் தள்ளாடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் விழுந்தன. ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி, உங்க பொண்ணு செய்யறதும் இப்படித்தான் விழுமா என்று கேட்டாள். மரியாதைக்கென்று வகுப்பில் கொண்டுவந்து போட்ட தலைமையாசிரியையின் சுழல் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த உன் அம்மாவுக்கு வந்ததே ரோஷம், யாரைப் பார்த்து விழும்னு சொல்றே என்று குடையை ஒரு வீசு வீசினாள். குடை வலப்பக்கம் போக, நாற்காலி அவளைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. நேராக வர மறுபடி வீசினாள், மறுபடி எதிர்ப்பக்கம். ஐயோ பிடிங்களேன் என்று அலறினாள். அந்தப் பின்னல்காரிதான் ஓடிவந்து கைப்பிடியைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினாள்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இப்படிப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கத்தான் வாலில் ஒரு குட்டி விசிறி இருக்கு பிள்ளைங்களா என்று கத்தினேன். குட்டி விசிறி செய்ய வரவில்லை, அதனால் உடம்பு சுற்றாதபடி காற்றைத் தடுக்க அகலமாக ஓர் அட்டை வால் ஒட்டினோம். விர்ரென்று கூரை வரை போயிற்று கண்ணு! இறங்கியது சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியையின் கொண்டையில். அது தெரியாமல் அவர், என்ன சிரிப்பு என்று அதட்டிக்கொண்டே வராந்தா முழுக்க நடந்தார்.

நீ வால் விசிறியை மட்டும்தான் சரிபார்க்கிறாய் என்று போனில் சொன்னதிலிருந்து, இவ்வளவு படிச்சும் வாலைத்தான் குடுத்தாங்களா என்று உன் அம்மா உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது காய்கறிக்காரரிடம்கூட, எம்பொண்ணு இல்லேன்னா மேல போறவங்க எல்லாம் பம்பரமா சுத்த வேண்டியதுதான், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும் என்கிறாள். உன் வேலையைப் பற்றி முதல் தடவையாக ஆசையாகக் கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நிதானமாகச் சொல்லு.

கையுறை போடாமல் இரும்பைத் தொடாதே. நீ முடுக்குகிற திருகாணி எதுவும் தளராமல், நீயும் தளராமல், நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் வாலைப் பற்றி ஊரெல்லாம் பேசும் அம்மாவும்,
அப்பாவும்