கோழி கிளறிய ஏழாவது செடி

என் உயிரான சவரி அண்ணே,

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு ஒரு சண்டையும் கொண்டு வருகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் முதலில் எழுதிவிடுகிறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், நம் தோட்டத்து ஜனங்களும் படித்துக்கொள்ளட்டும்.

பங்களாப் படிக்கட்டோரம் நீங்கள் கடைசியாக நட்ட ஏழு முள்ளிலைச் செடிகள் நினைவிருக்கிறதா? ஹாங்காங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, கிறிஸ்மஸுக்குச் சிவப்பாகப் பழம் பழுக்கும் என்று துரைசாணி ஆசையாகச் சொன்னாரே, அவைதான். நீங்கள் காய்ச்சலில் போன பிறகு பங்களா வேலை எனக்கு வந்தது. வந்த கையோடு இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது.

நான் சும்மாவா இருந்தேன்? நீங்கள் செய்ததை ஒன்று விடாமல் செய்தேன். சாயங்காலம் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். உதிர்ந்த இலையைக் கூட்டி அந்தந்தச் செடியின் தூரிலேயே குவித்தேன். "அது தழைய அதுக்கே போடு அன்னம்மா, குப்பையில கொட்டாத" என்பீர்களே.

போன மாதம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து நின்றார்.

"துரை சொல்லிட்டாரு. புதுத் துளிர்லயும் புள்ளி வந்தா ஏழையும் புடுங்கிக் கொளுத்திட்டு குரோட்டன் செடி வைக்கணுமாம்."

"ஒரு மாசம் குடுங்க ஐயா."

"குடுத்தா என்னத்தப் பண்ணிடப் போறே?"

எனக்கே தெரியாது. உங்கள் கை நட்டதை என் கையால் பிடுங்க மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் குசினிப் பக்கத்து ஏழாவது செடியைப் பார்த்தேன். அதில் மட்டும் புள்ளி மிகக் குறைவு. சமையல்காரச் சீனரின் கோழிகள், தூரில் நான் குவிக்கிற தழையைத் தினமும் கிளறித் தள்ளிவிடுகின்றன. நீங்கள் கம்பெடுத்து விரட்டிய அதே கோழிகள்! நோய் பிடித்த இலையைக் காலடியில் குவித்து, மேலே தண்ணீரும் ஊற்றி, நோயை நாமே திரும்ப ஏற்றியிருக்கிறோம். தப்பு நம்முடையது, அண்ணே.

அன்றே தூரையெல்லாம் கூட்டி அள்ளிக் கொளுத்தினேன். புள்ளி விழுந்த கிளைகளை வெட்டி, காற்றுப் போக வழி விட்டேன். காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர். கிராணியிடம் கெஞ்சி ஈப்போ பட்டணத்திலிருந்து மயில்துத்தம் என்னும் நீல உப்பை வரவழைத்து, சுண்ணாம்போடு மண்பானையில் கரைத்துத் துளிருக்குத் தெளித்தேன். பழைய புள்ளி போகாது. புதிதாக வராமல் இருந்தால் போதும்.

நேற்று கெடு முடிந்தது. கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துளிர் துளிராகப் புரட்டிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும் போ" என்றார். நான் நேராகப் போய்க் கோழிகளுக்கு ஒரு பிடி அரிசி போட்டேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். உங்கள் கல்லறைத் தலைமாட்டில் அதே செடியின் கிளைப் போத்து ஒன்றை நட்டிருக்கிறேன். பங்களாவில் நிறுத்திய பிறகும், உங்களுக்குப் பிடிக்குமே என்று வாராவாரம் இதன் தூரில் மட்டும் தழையைக் குவித்தேன். அதிலும் புள்ளி. நாளை மறுநாள் துடைப்பத்தோடு வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடுவேன். கோபமா? கோபித்துக்கொள்ளுங்கள். உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இதைச் சாக விடமாட்டேன், அண்ணே.

இதுவரை உங்கள் முன்னால் பேச்சைத் தட்டாத தங்கச்சி,
அன்னம்மா