மூக்கு மட்டத்தில் ஒரு பொட்டு

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். அத்தையின் முட்டி வலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நாங்கள் இப்போது வேலை செய்யும் பங்களாவில், கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். சுவர் வேண்டுமாம், ஆனால் அது கண்ணுக்குத் தெரியக் கூடாதாம். இது என்ன கணக்கோ, எனக்கு மண்டை குழம்புகிறது. கண்ணாடியைப் பொருத்தியதும், யாரும் முட்டிக்கொள்ளாதபடி அதில் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிவிடுவோம். செவ்வாய்க்கிழமை அதை உரிக்கச் சொன்னார் மேஸ்திரி. நானே உரித்தேன், நானே துடைத்தேன், நானே தோட்டத்துக்குப் போகிறேன் பேர்வழி என்று நேராக நடந்து அதில் மோதினேன். பயப்படாதே, மூக்கு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

"மாட்டினவனே முட்டிக்கிட்டா, குடியிருக்கப் போறவங்க என்னய்யா பண்ணுவாங்க?" என்று மேஸ்திரி சிரித்தார்.

அன்றிலிருந்து எது உள்ளே, எது வெளியே என்றே புரியவில்லை. திறந்த கதவைக்கூடக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நுழைகிறேன். வீடியோ காலில் நீ சிரிக்கும்போதும் கை தானாக நீள்கிறது. அங்கேயும் கண்ணாடிதான்.

குளியலறைக் கண்ணாடி முழுக்க நீ பொட்டு ஒட்டி வைப்பதற்கு உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அதில் ஒன்றை உரித்து, பதில் கடிதத்தில் ஒட்டி அனுப்பு. என் அறை ஜன்னலில், மூக்கு மட்டத்தில் ஒட்டிக்கொள்கிறேன். புது அட்டை வேண்டாம், நீ வைத்துக் கழற்றியதுதான் வேண்டும்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

பசை போயிருந்தாலும் பரவாயில்லை.

உன் வீங்கிய மூக்கன்