தாங்கல் கிரவுண்டும் ஒரு பாண்டு மண்ணும்

என் கோல்கீப்பர் அண்ணனுக்கு, சாமுவேல் அண்ணாவுக்கு,

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் தாங்கல் கிரவுண்டு போய்விட்டது. நீ கண்ணை மூடிய அடுத்த மழைக்குள்ளேயே விற்றுவிட்டார்கள். இப்போது சுற்றிலும் காம்பவுண்டு, உள்ளே தகர ஷெட்டு, வாசலில் டிரெய்லர் லாரிகள். "நல்ல வேள, சாமுவேலு இதயெல்லாம் பாக்கல" என்று காலனியில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு அந்த கேட்டுக்கு எதிரே நின்று ஒரு மூச்சு கத்தியிருக்க வேண்டும். நீ இல்லாததால் அந்த வேலையையும் நான்தான் செய்தேன்.

இன்னொன்று. தாங்கல் பாய்ஸ் டீமுக்கு இப்போது நான்தான் செக்ரட்டரி. சிரிக்காதே. உனக்குப் பிறகு பொறுப்புக்கு யாரும் வரவில்லை. "பொம்பள செக்ரட்டரியா?" என்று கேட்டவர்களிடம், "அப்ப நீ வா" என்றேன். எல்லோருக்கும் திடீரென்று ஷிப்ட் வந்துவிட்டது. எனக்கும்தான் ஷிப்ட் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் நின்றுகொண்டே ஒயர் கோர்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இதை ஊரறிய எழுதுகிறேன். அந்த கிரவுண்டு எப்படி உண்டானது என்று தெரியாத பிள்ளைகள் இன்று டீமில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

அது என்ன நிலமா? முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம். தை மாதம் வற்றும், ஐப்பசியில் மறுபடி குளம். நிலத்துக்காரர், சுற்றுப்பட்டில் எல்லோரும் நைனா என்று கூப்பிட்ட பெரியவர், அதில் நெல் வைத்துப் பார்த்து, அழுகிப்போய், கைவிட்டிருந்தார். நீயும் பையன்களும் போய்க் கேட்டபோது அவர் சொன்னதை அப்பா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். "அந்தப் பள்ளத்துல தவளதான் கத்திக்கினு கீது. போய் ஆடிக்கினு கெடங்கடா." அந்த வாய்ச்சொல்தான் நமக்குப் பட்டா. அதுவரை நம் காலனிப் பையன்கள் எந்த வரப்பில் நின்றாலும், "யாரு ஊட்டுப் பையன்டா நீ, இன்னா வேல இங்க" என்று ஒரு குரல் வரும். அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் யாரும் அதைக் கேட்கவில்லை.

தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆடிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். உனக்கோ ஐப்பசியிலும் ஆட வேண்டும். அப்போது நீ வள்ளூரிலிருந்து செங்கல் சூளைகளுக்குச் சாம்பல் ஏற்றிப்போகும் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தாய். மின் நிலையத்துச் சாம்பலை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்த காலம். லாரி ஓனரிடம் கெஞ்சி, சூளைக்கு வேண்டாத நடைகளையெல்லாம் தாங்கலில் கொட்டினாய். காற்றடித்தால் காலனியே சாம்பல் பூசிக்கொண்டது. காயப்போட்ட துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா உன்னைத் திட்டாத நாள் இல்லை. மேலே மண் போட்டால்தான் சாம்பல் அடங்கும் என்று அதற்கப்புறம்தான் உனக்கு உறைத்தது.

அதற்குத்தான் அந்தச் சட்டம் போட்டாய். சித்தாள் பெண்கள் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டு ஒன்றை வேப்பமரத்தடியில் கவிழ்த்து வைத்தாய். ஒரு பாண்டு மண் கொட்டாமல் யாரும் ஆட முடியாது. நம் பையன்களுக்கு மட்டுமில்லை, வெளியூர் டீமுக்கும் அதே சட்டம். பொன்னேரியிலிருந்து வெள்ளை ஜெர்சியில் வந்தவர்கள், "பந்து ஆட வந்தமா, சித்தாள் வேலைக்கு வந்தமா" என்று முறைத்தார்கள். நீ கிளவுஸை மாட்டிக்கொண்டே, "மண்ணு போட்டா மேட்ச்சு, இல்லாட்டி பஸ்சு" என்றாய். போட்டார்கள். அடுத்த வருடம் ஊத்துக்கோட்டைக்காரர்கள் மூட்டை கட்டி மண் கொண்டுவந்தார்கள். ரெஃப்ரி கூட ஒரு பாண்டு கொட்டிவிட்டுத்தான் விசில் ஊதினார்.

அப்படித்தான் தாங்கல் கேரம் போர்டு மாதிரி ஆனது. அடைமழையிலும் ஆடினோம். சுற்றிலும் வயலெல்லாம் வெள்ளம், நம் கிரவுண்டு மட்டும் திட்டாகத் தெரியும். அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது சொல்லப்போவதைத்தான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லத் தயங்கினேன். நைனா போனதும் அவர் பிள்ளைகள் நிலத்தை விலை பேசினார்கள். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்த அன்று நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவன் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துக் காட்டினான். "பாருங்க சார், கல்லாட்டம் கீது. சுத்துப்பட்டுல மத்ததெல்லாம் பள்ளம், மண்ணு அடிச்சே டப்பு கரைஞ்சிடும். இது ரெடி லேண்டு. அப்டியே ஷெட்டு போட்லாம்."

புரிகிறதா அண்ணா? பள்ளமாக இருந்தவரை அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் மேடாக்கினோம், விலை போய்விட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாம் அதைப் பாண்டு பாண்டாகத் தலையில் சுமந்து வைத்துக்கொண்டோம். உன்மேல் கோபமா என்றால், ஆமாம், கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் யோசித்தேன். நல்ல தரையில் ஆட ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

உன் கோலுக்கு முன்னால் நின்று தடுத்த நம் ஸ்டாப்பர் முனுசாமி அண்ணாவுக்கு இப்போது அந்த ஷெட்டிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. "நம்ம பெனால்டி பாக்ஸ்லதான் எஸ்தரு டெய்லி லோடு எறக்கறேன். பின்னாடி நின்னுக்கினு 'லெஃப்ட்ல ஆளு, லெஃப்ட்ல ஆளு'ன்னு சாமுவேலு கத்தற மாரியே கீது" என்றார். பிழைப்பு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் மூலமாகத்தான் அங்கே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் ஓரம் தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொள்ளலாமாம். புது ஜெர்சியும் உண்டாம். டீம் பெயரை மட்டும் கம்பெனி பெயராக மாற்றிக்கொள்ள வேண்டுமாம். பேசிக்கொண்டே என் கழுத்தில் மாட்ட விசிட்டர் அட்டையை நீட்டினார். "சார், நீங்க நிக்கற தரையே நாங்க கொட்டனது. எங்க மண்ணுமேல நிக்க எங்களுக்கே விசிட்டர் அட்டயா? ஜெர்சிய நீங்களே போட்டுக்கினு ஆடுங்க" என்றேன். முனுசாமி அண்ணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பயப்படாதே, அவர் வேலை போகவில்லை.

வீறாப்பாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, கிரவுண்டு இல்லாத டீமை யார் மேட்ச்சுக்குக் கூப்பிடுவார்கள்? ஒரு சீசன் முழுக்க ரோட்டோரத்தில் ஆடினோம். பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இன்னொரு சீசன் இப்படியே போனால் தாங்கல் பாய்ஸ் என்ற பெயரே இருக்காது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஏரித் தண்ணீர் நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழே இருக்கும் மேய்க்கால் புறம்போக்கு கண்ணில் பட்டது. மாடு மேயும் பொது நிலம். பஞ்சாயத்தில் கேட்டேன். மாட்டைத் துரத்தாமல் ஆடுவதென்றால் ஆடுங்கள் என்றார்கள். மேற்கே மேடு, கிழக்கே சரிவு, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். பார்த்த உடனே நம் பழைய தாங்கல்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறே முனுசாமி அண்ணா ஒரு டிப்பர்காரரோடு வந்து நின்றார். "சாமுவேலுக்காக சும்மாவே சாம்பல் அடிக்கறேன்றாரு. நாலு நட அடிச்சா தீந்துச்சு."

"வேணாம்ணா."

"இன்னாது, வேணாமா? பந்த நடுவுல வச்சா அதுவே உருண்டு கெழக்கால போய் நிக்குது. இதுல எப்டி ஆடறது?"

"அது பின்னாடி நாமளும் ஓடறதுதான். இன்னொருத்தனுக்கு ரெடி லேண்டு பண்ணிக் குடுக்கச் சொல்றியா?"

"இது கவர்மெண்டு நெலம்மா. யாரு வரப்போறா?"

"மேடாக்கிப் பாரு, யாரு யாரு வராங்கன்னு. பள்ளமா இருந்தா தவள மட்டும்தான் வரும்."

அவர் டிப்பர்காரருக்குக் கையசைத்து அனுப்பிவிட்டு, "ஒங்கண்ணன் இருந்தா ஒன்ன ஒதைப்பான்" என்றார். அது எனக்குத் தெரியாதா?

பழைய தாங்கலில் காம்பவுண்டு எழுப்ப வந்த அன்று நீ வெல்டிங் வைத்த கோல் போஸ்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம். கூடவே உன் பாண்டையும் தூக்கி வந்திருந்தேன். அதைப் புது இடத்தில் கவிழ்த்து வைத்து, உன் சட்டத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். இப்போது ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பாண்டு மண் எடுக்க வேண்டும். மழையோடு வந்து படிகிற வண்டலை வழித்து, ஏரிக்கரைமேல் கொட்ட வேண்டும். கரைக்குப் பலம். நம் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்ச்சுக்குப் பொன்னேரிக்காரர்கள் வந்தார்கள். அன்று வெள்ளை ஜெர்சியில் முறைத்தவர்களில் ஒருவர்தான் இப்போது அவர்கள் கோச். வயிறு முன்னால் வந்துவிட்டது. பாண்டைப் பார்த்ததும், "இன்னும் இத்த வுடலியா நீங்க? எங்க கொட்டணும் சொல்லு" என்றார். "கொட்டறது இல்லண்ணா, இப்ப எடுக்கறது" என்று கதையைச் சொன்னேன்.

ஜெயித்தோம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தோற்றோம். ஆனால் சரிவில் அவர்கள் விழுந்த விழுகையும், பாதி ஆட்டத்தில் எருமை ஒன்று கோல் வாய்க்குள் வந்து நின்றதும் நீ பார்த்திருக்க வேண்டும். முடிந்ததும் அந்தக் கோச் முதல் ஆளாகப் பாண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கரைமேல் ஏறினார். இறங்கி வந்து, "அடுத்த மேட்ச்சு எங்க வச்சிக்கலாம்?" என்று கேட்டார்.

"எங்க ஹோம் கிரவுண்டுல" என்றேன். அதைச் சொல்லத்தானே இத்தனை பாடு.

ஐப்பசி வந்தால் உன் கோல் போஸ்டு தண்ணீரில் நிற்கும். நிற்கட்டும். தை வரைக்கும் காத்திருப்போம். யார் சும்மா கொடுத்தாலும், எத்தனை லோடு வந்து நின்றாலும், நான் இருக்கும்வரை இந்த இடத்தை மேடாக்க விட மாட்டேன். இது உனக்கு நான் செய்துகொடுக்கிற சத்தியம். கோபம் வந்தால் திட்டிக்கொள். உன் பாண்டு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்பும் அண்ணா, நிரம்பி வெளியே போகும்.

உன் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிய தங்கச்சி,
எஸ்தர்
செக்ரட்டரி, தாங்கல் பாய்ஸ்