பூச்சிக்குச் சொன்னதை மனிதருக்குச் சொன்னேன்

தலவாக்கலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையும் என் இருமலும் தவிர நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாரியம்மா துணை. போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் கடிதம். தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் புழு இருக்கிறதே, அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியில் பிறப்பது ஆணா பெண்ணா என்று தாயின் குரோமோசோம்தான் தீர்மானிக்கிறது என்று சித்திரையில் நீ சொன்னாய். பெருமை தாங்காமல் நான் கடைச்சந்தியில் போய், "பொம்பளதான் தீர்மானிக்குதாம், எங்க மக படிச்சுச் சொல்லுது" என்று அளந்துவிட்டேன், பூச்சியைச் சொல்ல மறந்துபோனேன். போன மாதம் உன் அண்ணி நிஷாந்திக்கு மூன்றாவதும் பெண் பிறந்ததும் உன் அண்ணன் ஜீவராஜ் ஆஸ்பத்திரியில் வைத்தே, "தங்கச்சியே சொல்லிருச்சி, எல்லாம் ஒன்னாலதான்" என்றானாம். அவள் அங்கிருந்தே பிள்ளைகளோடு உடப்புசல்லாவையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாளாம்.

ஞாயிறன்று நீ மறுபடி விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு காலத்தில் ஒரேமாதிரி இருந்த குரோமோசோம் சோடிகள் கோடி வருடங்களில் மாறி, ஒவ்வொரு பூச்சி இனமும் தனித்தனி வழி பிடித்துக்கொண்டதாம், பழ ஈயில் தகப்பன் பக்கம், அந்துப்பூச்சியில் தாய் பக்கம், தேனீயில் தகப்பனே இல்லாத முட்டைதான் ஆணாகுமாம். மனிதரில் தகப்பன் பக்கம் என்றாயே, அன்றைக்கே அதே கடைச்சந்திக்குப் போய் பிழை என்னுடையது என்று சொன்னேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே ஜீவராஜை இழுத்துக்கொண்டு போகிறேன், அவன் வராவிட்டாலும் நான் போவேன், நிஷாந்தியிடம் நானே மன்னிப்புக் கேட்பேன். முப்பதாம் நாள் பெயர் வைப்பது நம் லயத்து வீட்டில்தான், அதில் மாற்றமில்லை. நீ அந்தக் குரோமோசோம் படத்தைப் பெரிதாக வரைந்து தமிழில் எழுதி அனுப்பு, உன் அண்ணன் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் மகள். நீ பிறந்த அன்று பெண் என்றதும் உன் அம்மாவைத் திட்டிவிட்டு மூன்று நாள் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அவள் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவளோ, "மொதல்ல அந்தப் புள்ளைய கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி என் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள்.

காலுறை போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் முகத்தை மூன்று நாள் பிந்திப் பார்த்த அப்பா,
சிவசாமி